பால்வினை நோய்ப் பிரிவில் எடுக்கும் ரத்தத்திலேயே ஹெபடைடிஸ் பி, சி-யையும் பார்த்தால் என்ன?

கெடிலக்கரையான் (கடலூர்)
திங்கள், இரவு 9.40

என் சித்தப்பா மகன் வளைகுடா வேலைக்காகச் சென்னையில் மெடிக்கல் போனான். ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது, தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏஜென்டிடம் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது வேறு கதை.

நான் கேட்க வந்தது இதுதான். சென்ற ஆண்டு அவனுக்குப் பிறப்புறுப்பில் புண் வந்தபோது ஓர் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு நான்தான் அழைத்துப் போனேன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் இல்லை என்றார்கள். வண்ணப் பையில் மாத்திரை கொடுத்தார்கள், புண் ஆறிவிட்டது. மருத்துவர் முகம் சுளிக்காமல் பேசினார், அதில் குறையே இல்லை. ஆனால் கல்லீரல் என்ற பேச்சே எழவில்லை.

ஹெபடைடிஸ் பி உடலுறவாலும் பரவும் என்று அரசாங்கமே சுவரொட்டி ஒட்டுகிறது. ஊசி குத்தியாயிற்று, ரத்தமும் குழாயில் இருக்கிறது. அதிலேயே இதையும் பார்த்திருந்தால் பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்கும். அவன் மனைவிக்கும் தடுப்பூசி போட்டிருக்கலாம். ஏன் பார்ப்பதில்லை? பார்க்கிற இடங்கள் உண்டா?


ஓ.டி.க்காரன் (கடலூர் முதுநகர்)
திங்கள், இரவு 10.15

பார்க்காமல் விட்டதே நல்லது என்பேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காவது 2017இல் ஒரு சட்டம் வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது, வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஹெபடைடிஸ்காரனுக்கு அப்படி எந்தச் சட்டம் இருக்கிறது? எங்கள் தெருவில் ஒருவருக்குப் பல் பிடுங்கவே மறுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் “கடைசியில் வாருங்கள்” என்றார்கள், கடைசியில் “வேறு இடம் பாருங்கள்” என்றார்கள். எல்லோருக்கும் சோதனை என்று ஆரம்பித்தால் இப்படி ஒதுக்கப்படுகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.


சோதனைக்குழாய் (ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், புதுச்சேரி)
செவ்வாய், காலை 6.05

கெடிலக்கரையான் தம்பி கேட்டதில் பாதிக்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன்.

தனியாக ரத்தம் எடுக்கத் தேவையே இல்லை. சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். சோதனைக்கு எடுத்த குழாயில் சீரம் மிச்சமிருக்கும். அதில் சில சொட்டுகள் போதும், தொற்று இருந்தால் அட்டைச் சோதனையில் கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் கோடு விழுந்துவிடும். பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை எச்.பி.எஸ்.ஏஜி என்கிறார்களே, அதைத்தான் எங்கள் காலத்தில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று சீட்டில் எழுதுவார்கள். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அமெரிக்க ஆய்வாளர் புளூம்பெர்க் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். அதற்காக அவருக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் நாளாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தொற்று நுழைந்த மறுநாளே கோடு விழாது. பி-க்குச் சராசரியாக நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஒன்பது வாரம் வரைகூட இழுக்கும். சி-க்கு நாம் பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. அது தெரிய எட்டு முதல் பதினொரு வாரம் ஆகும். இன்னொன்று, சி தானாகவே குணமாகிப் போனவருக்கும் கோடு விழுந்துகொண்டேதான் இருக்கும். அதனால் சி பாசிட்டிவ் என்று அட்டை சொன்னால், வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று ஆர்.என்.ஏ. சோதனை செய்தே தீர வேண்டும். அட்டையைப் பார்த்தே ஒருவரைக் கலங்கடித்து அனுப்புகிற லேப்கள் இருக்கின்றன. அவர்கள் கையில் அட்டையே கொடுக்கக் கூடாது.


மூலிகைத் தாத்தா (நெல்லிக்குப்பம்)
செவ்வாய், காலை 7.30

கண் மஞ்சளித்தால்தானே காமாலை? ஒன்றும் இல்லாதவனைச் சோதித்து நோயாளி ஆக்குகிறீர்கள். வந்தாலும் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தால் தீர்ந்தது.


தோல்மருத்துவன் (புதுச்சேரி)
செவ்வாய், பிற்பகல் 2.20

தாத்தாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வெளிநோயாளிப் பிரிவில் தினமும் கேட்கும் வாதம் இது.

ஐயா, கீழாநெல்லியை யாரும் ஆராயாமல் தள்ளிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், மேலே சொன்ன அதே புளூம்பெர்க்குடன் சேர்ந்து அதைச் சோதித்து, 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மூலிகை சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்திலிருந்து அந்த ஆன்டிஜென் மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. எனவே அதை நம்பி யாரையும் வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

காமாலைக்கு வருவோம். தண்ணீரால், உணவால் வரும் ஏ, இ வகைகள் மழைக்காலத்தில் கண்ணை மஞ்சளாக்கிவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். நாம் பேசும் பி-யும் சி-யும் அப்படியல்ல. நாள்பட்டுத் தங்கிவிட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் ஓர் அறிகுறியும் காட்டாது. வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து வரும்போது கல்லீரல் சுருங்கியிருக்கும், சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறியிருக்கும். 2022 நிலவரப்படி இந்தியாவில் பி-யுடன் 2.98 கோடிப் பேரும் சி-யுடன் 55 லட்சம் பேரும் வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

இப்போது கெடிலக்கரையானுக்கு. உங்கள் தம்பிக்கு இது அந்தப் புண்ணோடு சேர்ந்து வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வளர்ந்தவருக்குப் புதிதாகப் பி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போதோ கைக்குழந்தைப் பருவத்திலோ தொற்றினால்தான் ஏறக்குறைய எல்லோருக்குமே நிலைத்துவிடுகிறது. இந்தியாவில் குழந்தைகளுக்கான பி தடுப்பூசி 2011இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. ஆக இன்றைக்கு முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு நாள்பட்ட பி இருந்தால், அது தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம், சின்ன வயதில் கொதிக்க வைக்காமல் போட்ட ஊசியால் வந்ததாகவும் இருக்கலாம். அவருடைய அம்மா, உடன்பிறந்தவர்கள், மனைவி, குழந்தைகள் எல்லோரையும் சோதிக்கச் சொல்லுங்கள். மனைவியின் காதில் “யாரிடமோ போய் வாங்கி வந்தான்” என்று யாராவது ஓதும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒருவரைக் கண்டுபிடித்தால் அவர் பின்னால் ஒரு குடும்பமே தெரியவருகிறது. பால்வினை நோய்ப் பிரிவில் இந்தச் சோதனை வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.


பாகூர் அக்கா (செவிலியர்)
செவ்வாய், இரவு 8.50

ஏன் பார்ப்பதில்லை என்று தம்பி கேட்டாரே, அதைச் சொல்கிறேன். பல இடங்களில் “ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும்” என்று வைத்திருக்கிறார்கள். அந்த ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி கேட்டுத்தான்.

அந்த அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கதவுக்குப் பதில் பச்சைத் திரை, அதுவும் பாதிக்கு மேல் வளையம் கழன்று தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஆறு பேர். “மனைவியைத் தவிர வேறு யாரிடமாவது போனது உண்டா? ஆணிடம்? ஊசியில் போதை எடுத்தது உண்டா?” என்று கேட்டால், பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். எல்லோருக்கும் காது நீளும். உள்ளே இருப்பவர் என்ன சொல்வார்? “இல்லை, இல்லை, இல்லை.” நாமும் மூன்று இடத்தில் இல்லை என்று குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம். தாளைப் பார்த்தால் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ராமன்தான்.

கடலூர்க்காரர்கள் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று புதுச்சேரியின் கோரிமேடு மருத்துவமனை வரை வருவார்கள். வந்த இடத்தில் பக்கத்துத் தெருக்காரர் அதே காரணத்துக்காக அதே வரிசையில் நிற்பார். திரும்பும்போது எல்லையிலுள்ள முள்ளோடை வரைக்கும் இருவரும் ஒரே பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போவார்கள்.

எல்லோருக்கும் பார்ப்பது வழக்கம் என்று ஆகிவிட்டால் இந்த விசாரணை தேவையில்லை. “இங்கே வரும் அனைவருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி பார்க்கிறோம். வேண்டாம் என்றால் சொல்லலாம்.” இவ்வளவுதான். யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு இப்படித்தானே பார்க்கிறோம்? எந்தக் கர்ப்பிணியும் அதற்காகக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.


ஓ.டி.க்காரன்
செவ்வாய், இரவு 9.30

அக்கா, கர்ப்பிணியையும் வளைகுடா போகிறவனையும் ஒன்றாக வைக்காதீர்கள். தெரிந்துகொண்டு மெடிக்கலுக்குப் போனாலும் தகுதியில்லைதான், தெரியாமல் போனாலும் தகுதியில்லைதான். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் போய்க் கேளுங்கள், இந்த ஒரு முத்திரையால் வீட்டோடு முடங்கியவர்கள் எத்தனை பேர் என்று. முத்திரை குத்துகிறவனை விட்டுவிட்டு, சோதனையைப் பெருக்குவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.


கெடிலக்கரையான்
செவ்வாய், இரவு 9.55

தெரிந்திருந்தால் ஏஜென்டிடம் பணம் கட்டியிருக்க மாட்டான் அண்ணா. வட்டிக்கு வாங்கிய பணம்.


வில்லியனூர் நிலா
புதன், காலை 11.10

நான் திருநங்கை. களப்பணியாளராகவும் இருந்திருக்கிறேன். எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் பார்ப்பார்கள். கூவாகம் திருவிழா வந்தால் அங்கேயும் முகாம், அங்கேயும் எச்.ஐ.வி. நன்றி, வேண்டியதுதான். ஆனால் இத்தனை ஆண்டில் “உனக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா?” என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசியே கிடையாது. இதற்கு இருக்கிறது, பல ஆண்டுகளாக இருக்கிறது, விலையும் அதிகமில்லை. தடுக்க முடிந்ததை விட்டுவிட்டு, தடுப்பூசி இல்லாத ஒன்றை மட்டும் வருடத்துக்கு இருமுறை பார்க்கிறீர்களே!

எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் தனி அறையில் உட்கார வைத்து, சோதனைக்கு முன்பும் பேசுகிறார், பின்பும் பேசுகிறார். அந்த மரியாதை மற்றச் சோதனைக்கும் வேண்டும். எல்லோருக்கும் பார்க்கலாம் என்பது எனக்கும் சம்மதம். முடிவைத் திரைக்கு வெளியே நின்று கூவக் கூடாது.


தோல்மருத்துவன்
புதன், பிற்பகல் 3.05

நிலா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. சோதனையில் பி இல்லை என்று வந்தால், அதே நாளில் முதல் தடுப்பூசி போட வேண்டும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. முதல் ஊசி போட்டவர் திரும்ப வரமாட்டார் என்று சாக்குச் சொல்வார்கள். சிபிலிஸ் சிகிச்சை முடிந்தவரை மறுசோதனைக்கு எப்படியும் கூப்பிடத்தானே போகிறோம், அந்தத் தேதியோடு இதையும் சேர்த்துவிடலாம்.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு இது இன்னும் முக்கியம். கூட்டு மருந்தில் இருக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டுமே பி வைரஸையும் அடக்கும். பி இருப்பது தெரியாமல் அந்த மருந்தை மாற்றினாலோ, அவரே நிறுத்திவிட்டாலோ, அடங்கியிருந்த பி சீறிக்கொண்டு கிளம்பிக் கல்லீரலைச் சாய்த்துவிடும்.

பார்க்கிற இடங்கள் உண்டா என்று கெடிலக்கரையான் கேட்டார், வெளிநாட்டில் உண்டு. இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து, எச்.ஐ.வி. மிகுதியாக உள்ள பகுதிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வேறு எதற்காக ரத்தம் எடுத்தாலும் எச்.ஐ.வி., பி, சி மூன்றையும் பார்க்கிறார்கள். வேண்டாம் என்பவர் சொல்லலாம். எச்.ஐ.வி.யைத் தேடி ஆரம்பித்த வேலை, அதில் அதைவிட அதிகமாக அகப்பட்டது ஹெபடைடிஸ் பி. அமெரிக்காவில் 2023 முதல், வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பி சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது பரிந்துரை. அங்கே மூன்று சோதனை சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள்: இப்போது தொற்று இருக்கிறதா, முன்பு வந்து போயிருக்கிறதா, தடுப்பாற்றல் இருக்கிறதா.

சி விஷயத்தில் மட்டும் நான் அக்காவிடமிருந்து சற்று விலகுகிறேன். ஆண்–பெண் உடலுறவால் சி பரவுவது மிக அரிது. முக்கியமாக ரத்தத்தின் வழியாகத்தான் பரவுகிறது: பகிர்ந்த ஊசி, சரியாகச் சுத்தம் செய்யாத கருவி, பச்சை குத்தும் ஊசி, பழைய காலத்து ரத்தமேற்றல். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில், குறிப்பாக எச்.ஐ.வி. உள்ளவர்களிடம், உடலுறவாலும் பரவுகிறது. அரிதான நோயை எல்லோரிடமும் தேடினால், கோடு விழுகிறவர்களில் நோய் இல்லாதவர்களின் பங்கு கூடும். ஆர்.என்.ஏ. சோதனைக்கு உடனே வழியில்லாத இடத்தில் இது வீண் பீதி. என் கணக்கில் பி எல்லோருக்கும், சி தேவைப்பட்டவருக்கு.


பாகூர் அக்கா
புதன், இரவு 8.15

தேவைப்பட்டவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் டாக்டர்? மறுபடியும் அதே பச்சைத் திரைக்குள் வைத்துக் கேட்டுத்தானே?

சி-க்கு மருந்து இருக்கிறது. சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர், பன்னிரண்டு வாரம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அடியோடு குணம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம். குணப்படுத்த முடிகிற நோயைத் தேடக் கூச்சப்படுவானேன்? பி-க்கு வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டியிருக்கலாம், அதை எல்லோரிடமும் தேடுவீர்கள். மூன்று மாதத்தில் ஒழிகிறதை யோசித்துத் தேடுவீர்களா?


சோதனைக்குழாய்
புதன், இரவு 8.40

இந்தச் சண்டையில் நான் அக்கா பக்கம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அட்டையில் கோடு விழுந்தால் அன்றே, அந்த ஊசித் தழும்பு ஆறும் முன்பே, ஆர்.என்.ஏ.வுக்கு ரத்தத்தை அனுப்பிவிட வேண்டும். நோயாளியின் கையில் சீட்டைக் கொடுத்து “போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றால், அவர் போவது பஸ் நிலையத்துக்குத்தான்.


பெயர் வேண்டாம்
வியாழன், அதிகாலை 12.35

இவ்வளவு படித்த பிறகு கேட்கிறேன். என் கணவருக்குப் பி இருக்கிறது என்று ரத்ததானம் செய்தபோது தெரிந்தது. மாமியார் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். மகளை அவர் மடியில் உட்கார விடுவதில்லை. மகளுக்கு நான்கு வயது. நானும் அவளும் என்ன செய்ய வேண்டும்? அவர் மாலையில் கொஞ்சம் குடிப்பார்.


தோல்மருத்துவன்
வியாழன், காலை 7.10

தட்டையும் டம்ளரையும் இன்றைக்கே ஒன்றாக்கிவிடுங்கள் அம்மா. சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், மடியில் உட்காருவதால், தும்மலால் இது பரவாது. ரத்தம் படக்கூடிய பொருள்கள்தான் தனி: சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. அவருக்கு அடிபட்டு ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுக்கொண்டு பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். உலர்ந்த ரத்தத்திலும் குறைந்தது ஒரு வாரம் இந்த வைரஸ் உயிரோடிருக்கும்.

நீங்களும் மகளும் ரத்தம் பாருங்கள். மகளுக்குப் பிறந்த அன்றும், பிறகு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களிலும் தடுப்பூசி போட்டிருப்பார்கள், அட்டையை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தொற்று இல்லை என்றால் மூன்று ஊசி. அது முடியும்வரை, ஊசி வேலை செய்துவிட்டது என்று ரத்தத்தில் பார்க்கும்வரை, ஆணுறை பயன்படுத்துங்கள்.

அவருக்கு மருந்து உடனே தேவையா என்பதை வைரஸ் அளவு, கல்லீரல் சோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். பலருக்குக் கண்காணிப்பு மட்டுமே போதும். குடி மட்டும் வேண்டவே வேண்டாம். “கொஞ்சம்” என்பது கன்னியக்கோயில் மதுக்கடைகளில் எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியும்.


மூலிகைத் தாத்தா
வியாழன், காலை 8.00

குடியை நிறுத்தச் சொன்னதில் எனக்கும் உடன்பாடு. மற்றது உங்கள் பாடு. ஆனால் நாளை என் மகனை ரத்தம் பார்க்க அனுப்புகிறேன். மருமகள் இதைப் படித்துவிட்டாள்.


கெடிலக்கரையான்
வியாழன், இரவு 9.20

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். சாரம் இது: “மாவட்டத்தில் பால்வினை நோய்ச் சிகிச்சைக்காக வருபவர்களிடம் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைக்கென எடுக்கும் ரத்தத்திலேயே ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளையும் செய்ய ஆவன செய்யுமாறும், பி தொற்று இல்லாதவர்களுக்கு அன்றே அதற்கான தடுப்பூசியின் முதல் தவணையைப் போடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.” வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?


ஓ.டி.க்காரன்
வியாழன், இரவு 9.45

சேர்க்க வேண்டும். சோதனை முடிவைக் காரணம் காட்டி எந்த மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று ஆணையிடச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால் நானும் கையெழுத்துப் போட வருகிறேன்.


வில்லியனூர் நிலா
வியாழன், இரவு 10.05

வேண்டாம் என்பவருக்கு, புண்ணுக்கான மருந்தை நிறுத்தக் கூடாது என்பதையும் எழுதுங்கள். “சோதனைக்கு ஒத்துக்கொண்டால்தான் மாத்திரை” என்று சொல்கிறவர்கள் நாளையே கிளம்பிவிடுவார்கள்.


பாகூர் அக்கா
வியாழன், இரவு 10.30

அப்படியே கதவு ஒன்றும் கேளுங்கள் தம்பி. திரை போதாது.